டைம்லைனில் ஏற மறுக்கும் பாட்டு: எடிட்டிங்குக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஆவணி பிறந்துவிட்டால் வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கத்து ஸ்டுடியோக்களில் எடிட்டிங் டேபிளுக்கு ஆடியோ நாலா பக்கமிருந்தும் வந்து சேரும். பெண் வீட்டார் வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்ட பாட்டு, மண்டபத்து மிக்ஸரில் செருகியிருந்த பென்டிரைவ், யாரோ ஃபோனில் பிடித்த நாதஸ்வரம், எந்தக் காலத்திலோ டவுன்லோட் செய்து கணினியில் கிடக்கும் எம்பி3. விஎல்சி பிளேயரில் போட்டால் எல்லாமே பாடும். எடிட்டிங் மென்பொருளுக்குள் இழுத்துப் போட்டால்தான் சிலது ஏறாது, சிலது ஏறியும் வாய் திறக்காது, சிலது சுருதி மாறிப் பாடும்.

புதிதாக வேலைக்கு வந்தவர் முதலில் செய்வது ரீநேம். பெயரின் கடைசியில் ஓபஸ் என்று இருப்பதை அழித்துவிட்டு எம்பி3 என்று எழுதுவார். ஏதோ ஒரு கத்திரிக்காய்க் கூடையில் இலவம்பாடி என்று அட்டை குத்திவைத்தால் காய்க்கு முள் முளைத்துவிடாது. பெயரின் வால் வெறும் அட்டைதான். மென்பொருள் பார்ப்பது உள்ளே இருக்கும் சரக்கை.

அந்தச் சரக்கிலும் இரண்டு அடுக்கு உண்டு. வெளியே இருப்பது டப்பா, அதாவது கன்டெய்னர். உள்ளே ஒலியை எந்த முறையில் சுருக்கி வைத்திருக்கிறார்கள் என்பது கோடெக். எம்4ஏ என்பது டப்பாவின் பெயர். அதற்குள் பெரும்பாலும் ஏஏசி இருக்கும், சில சமயம் ஆப்பிளின் ஏலாக் இருக்கும். ஓஜிஜி என்பதும் டப்பாதான். உள்ளே வோர்பிஸ் இருக்கலாம், ஓபஸ் இருக்கலாம். டப்பா, கோடெக் இரண்டையும் மென்பொருள் அறிந்திருந்தால்தான் கோப்பு ஏறும். விஎல்சி தனக்கு வேண்டிய டிகோடர்கள், அதாவது சுருக்கியதை விரித்துப் படிக்கும் கருவிகள், எல்லாவற்றையும் தன்னோடு கட்டிக்கொண்டு வருகிறது. பிரீமியர், எடியஸ் போன்ற எடிட்டிங் மென்பொருள்கள் அப்படி வருவதில்லை. ஆகவே ‘விஎல்சியில் பாடுதே’ என்பது எதற்கும் சாட்சி ஆகாது.

மாற்றும் முன் உள்ளே பாருங்கள்

மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவி, கோப்பை அதன்மேல் இழுத்துப் போடுங்கள். அது இல்லாத இடத்தில் விஎல்சியிலேயே பாட்டை ஓடவிட்டு கண்ட்ரோல், ஜே இரண்டையும் சேர்த்து அழுத்தினால் கோடெக் விவரம் வரும். பார்க்க வேண்டியவை: கோடெக் பெயர், சாம்பிள் ரேட் (விநாடிக்கு எத்தனை முறை ஒலியை அளந்து பதிந்திருக்கிறது), ஒற்றைத் தடமா ஸ்டீரியோவா, பிட்ரேட் (ஒரு விநாடி ஒலிக்குச் செலவாகும் தரவு) நிலையானதா மாறுவதா, மொத்த நேரம் எவ்வளவு. இதைப் பார்க்க அரை நிமிடம் போதும். பார்க்காமல் கண்டதை மாற்றிக்கொண்டிருந்தால் அரை நாள் போகும்.

மொத்த நேரம் சுழியமாகவோ, கண்ணால் பார்த்தே தப்பு என்று தெரிகிற அளவிலோ இருந்தால் அது ஃபார்மட் சிக்கல் அல்ல, கோப்பே உடைந்திருக்கிறது. அதற்கு வைத்தியம் வேறு, பின்னால் வருகிறது.

எது எங்கே இடிக்கும்

வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் ஃபோனில் ஓபஸ் என்ற வாலோடும், வாட்ஸ்அப் வெப்பில் இறக்கினால் ஓஜிஜி என்ற வாலோடும் கிடைக்கும். இரண்டுக்குள்ளும் இருப்பது ஒரே ஓபஸ்தான். பிரீமியர் இதை எடுக்காது. ஒலியைச் சுருக்காமல் வைக்கும் வேவ் ஆக மாற்றினால் ஏறிவிடும். ஆனால் அது பேச்சுக்காக இறுக்கிச் சுருக்கிய ஒற்றைத் தடம் என்பதை மறக்க வேண்டாம். ஓபஸ் கோப்புக்கு மீடியாஇன்ஃபோ எப்போதும் 48 கிலோஹெர்ட்ஸ் என்றுதான் காட்டும். அதைப் பார்த்து நல்ல தரம் என்று நம்பிவிடக் கூடாது. பாட்டி சொன்ன வாழ்த்துக்கு அது போதும். பின்னணி இசைக்கு ஆகாது.

பாட்டையே அனுப்பச் சொல்லும்போது, ‘ஸ்பீக்கர் பக்கத்தில் ஃபோனை வைத்து ரெக்கார்ட் பண்ணாதீங்க, ஃபைலை டாக்குமென்ட்டாக அனுப்புங்க’ என்று வாடிக்கையாளருக்கு ஒரு வரி தட்டிவிடுங்கள். டாக்குமென்ட்டாகப் போனால் வாட்ஸ்அப் அதைத் தொடாது, இருந்தபடியே வந்து சேரும்.

ஏஎம்ஆர் பழைய ஃபோன்களிலும் கால் ரெக்கார்டிங்கிலும் வரும். சாம்பிள் ரேட் வெறும் 8 கிலோஹெர்ட்ஸ். அதனால் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் பதிவாகியிருக்காது. எதில் போட்டு மாற்றினாலும் டெலிஃபோன் குரல் டெலிஃபோன் குரல்தான்.

எம்4ஏ இன்றைய மென்பொருள்களில் பெரும்பாலும் ஏறிவிடும். இரண்டு இடத்தில் இடிக்கும். லினக்ஸில் ஓடும் இலவச டாவின்சி ரிசால்வ் ஏஏசியை எடுக்காது. அடுத்தது, இன்னும் பழைய எடியஸ், பழைய பிரீமியர் ஓட்டிக்கொண்டிருக்கும் கடைகள். ஆப்பிள் டப்பாக்களைத் திறக்க அவை ஆப்பிளின் குவிக்டைம் என்ற மென்பொருளை நம்பியிருந்தன. விண்டோஸுக்கான குவிக்டைமை ஆப்பிள் 2016ல் கைவிட்டுவிட்டது. அந்தக் கணினிகளில் வேவ் தவிர வேறு எதையும் ஏற்றாமல் இருப்பதே நிம்மதி.

எம்பி3 எங்கும் ஏறும். அதனால்தான் அதன் கோளாறு கடைசியில் தெரிகிறது. பிட்ரேட் மாறிக்கொண்டே போகும் எம்பி3யில், தலைப்பில், அதாவது கோப்பின் தொடக்கத்தில் இருக்கும் விவரக் குறிப்பில், சரியான அட்டவணை இல்லாவிட்டால் மென்பொருள் நீளத்தைக் குத்துமதிப்பாகத்தான் போடும். நான்கு நிமிடப் பாட்டை ஐந்து நிமிடம் என்று காட்டும். நடுவில் வெட்டினால் வெட்டிய இடம் ஒன்று, கேட்கும் இடம் ஒன்று என்று ஆகும். வேவ் ஆக மாற்றிவிட்டால் தீர்ந்தது.

டவுன்லோட் தளங்களில் பிட்ரேட் 320 என்று போட்டிருப்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் திறந்து, டிராக் பெயரைக் கிளிக் செய்தால் வரும் பட்டியலில் ஸ்பெக்ட்ரோகிராம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்பதை அது நிறமாகக் காட்டும். 16 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கத்தியால் அறுத்தது போல நிறம் நின்றுவிட்டால், அது 128ல் சுருக்கியதை மறுபடி 320 ஆக ஊதியது என்று சந்தேகப்படலாம். காட்டும் அளவு 8 கிலோஹெர்ட்ஸோடு நின்றால் இடப்பக்கத்து அளவுகோலைப் பெரிதாக்கிவிட்டுப் பாருங்கள்.

ஸ்ட்ரீமிங் ஆப்பில் ஆஃப்லைனுக்கு இறக்கிய பாட்டு பூட்டப்பட்டது. அதை எந்த எடிட்டிங் மென்பொருளும் திறக்காது. அதைத் துரத்துவதில் நேரத்தைப் போடாதீர்கள். இன்னொன்று: சினிமாப் பாட்டை எந்த ஃபார்மட்டில் மாற்றிப் போட்டாலும் யூடியூபில் ஏற்றும்போது உரிமைக் கோரல் வரலாம். ஃபார்மட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மாற்றுவது

வீடியோ வேலைக்கு இலக்கு ஒன்றே ஒன்று: வேவ், சாம்பிள் ரேட் 48,000 ஹெர்ட்ஸ், 16 பிட், பிசிஎம் (சுருக்காத ஒலி). 44,100 சிடியின் கணக்கு. 48,000 வீடியோவின் கணக்கு. ஆடாசிட்டி இலவசம், அதில் செய்வது இப்படி.

1. ஆடாசிட்டி தானாக எம்4ஏ, ஏஎம்ஆர், டபிள்யூஎம்ஏ போன்றவற்றைத் திறக்காது. எஃப்எஃப்எம்பெக் என்ற லைப்ரரியைத் தனியே சேர்க்க வேண்டும். எடிட் மெனுவில் பிரிஃபரன்சஸ், அதில் லைப்ரரீஸ் என்ற பக்கத்துக்குப் போனால் டவுன்லோட் பொத்தான் இருக்கும். நிறுவிய பின் ஆடாசிட்டியை மூடித் திறந்து, அதே பக்கத்தில் பதிப்பு எண் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வரவில்லை என்றால் 64 பிட், 32 பிட் இரண்டில் மாற்றி நிறுவியிருப்பீர்கள்.

2. மூலக் கோப்பை முதலில் கணினியின் டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். ‘மூலம்’ என்று ஒரு ஃபோல்டர் வைத்து அதில் போட்டு, அதற்குப் பிறகு அதைத் தொடாதீர்கள்.

3. ஃபைல் மெனுவில் இம்போர்ட், ஆடியோ. அலைவடிவம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். நேர்க்கோடாக இருந்தால் அங்கேயே நிறுத்திக் காரணம் தேடுங்கள்.

4. ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆடியோ. ஃபார்மட் வேவ், சாம்பிள் ரேட் 48000, என்கோடிங் சைன்ட் 16-பிட் பிசிஎம். பழைய பதிப்பில் சாம்பிள் ரேட் இந்தப் பெட்டியில் இருக்காது. திரையின் இடது கீழ் மூலையில் ப்ராஜெக்ட் ரேட் என்று இருக்கும், அதை முன்கூட்டியே 48000 ஆக்கிக்கொள்ள வேண்டும்.

5. அடுத்த பாட்டுக்குப் போகும் முன் இந்த ப்ராஜெக்ட்டை மூடுங்கள். மூடாமல் இரண்டாவதை இம்போர்ட் செய்தால் இரண்டும் மேலும் கீழுமாக அடுக்கி நிற்கும். எக்ஸ்போர்ட் செய்யும்போது ஒன்றன்மேல் ஒன்று கலந்து ஒரே வேவ் ஆக வரும். புதியவர்கள் கைகளில் அதிகம் நடக்கும் தப்பு இதுதான்.

எம்பி3யை வேவ் ஆக்கினால் தரம் கூடாது. போன ஒலி போனதுதான். கிடைப்பது ஒழுங்கான நீளமும், வெட்டிய இடத்தில் வெட்டும் நேர்மையும். வேவ் ஆனதை மறுபடி எம்பி3 ஆக்கி நண்பருக்கு அனுப்பி, அவர் அதை மறுபடி வேவ் ஆக்கினால், ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும்.

சுருதி ஏறினால்

நாதஸ்வரக்காரர் இரண்டு கட்டையில் வாசித்தார். டைம்லைனில் போட்டால் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் கட்டையில் கேட்கிறது, தவிலும் அவசரப்படுகிறது. இது 44,100ல் பதிவானதை மென்பொருள் 48,000 என்று நினைத்து ஓட்டுவதால் வருவது. வேகம் கிட்டத்தட்ட 9 சதவீதம் கூடும். நான்கு நிமிட மல்லாரி 3 நிமிடம் 40 விநாடியில் முடிந்துவிடும். தலைகீழாக நடந்தால் 4 நிமிடம் 21 விநாடி ஆகும், சுருதியும் அதே அளவு இறங்கும்.

நல்ல மென்பொருள் தலைப்பைப் படித்துத் தானே சரிசெய்துகொள்ளும். தலைப்பிலேயே தப்பு எழுதியிருந்தால் அதற்கும் வழி தெரியாது. ஆடாசிட்டியில் திறந்து, டிராக் பெயரைக் கிளிக் செய்தால் வரும் பட்டியலில் ரேட் என்பதில் 44100 என்று கொடுங்கள். ஒலியில் ஒரு புள்ளியும் மாறாது. ஓட்டும் வேகம் மட்டும் மாறும். நாதஸ்வரம் பழைய சுருதிக்கு வந்ததும் 48000ல் எக்ஸ்போர்ட் செய்யுங்கள். டிராக்ஸ் மெனுவில் உள்ள ரீசாம்பிள் வேறு வேலை செய்வது. இந்த இடத்தில் அதைத் தொட்டால் தப்பான சுருதியே நிரந்தரமாகிவிடும்.

தொடக்கத்தில் சரியாக இருந்து, போகப்போக உதடும் ஒலியும் விலகினால் அது சுருதிச் சிக்கல் அல்ல. ஃபோன் வீடியோவில் ஃப்ரேம் ரேட் நிலையாக இருப்பதில்லை. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட் கொடுத்து வீடியோவைத்தான் மாற்ற வேண்டும். கேமராவும் தனி ரெக்கார்டரும் வைத்து எடுத்திருந்தால் இரண்டின் கடிகாரமும் அச்சாக ஒன்றாக ஓடாது. மணிக்கு ஒன்றிரண்டு ஃப்ரேம் விலகுவது சகஜம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, கைதட்டலோ மேளமோ இல்லாத அமைதியான இடத்தில் வெட்டி நகர்த்திவிடுங்கள்.

ஒரே காதில் கேட்பதும் ஃபோனில் காணாமல் போவதும்

மிக்ஸரிலிருந்து ஒரு வயர் மட்டும் ரெக்கார்டருக்குப் போயிருந்தால் இடது பக்கம் ஒலி, வலது பக்கம் காலி. ஆடாசிட்டியில் ஸ்ப்ளிட் ஸ்டீரியோ டு மோனோ கொடுத்துக் காலித் தடத்தை நீக்கினால் முடிந்தது.

இதைவிட நயவஞ்சகமானது ஒன்று உண்டு. ஹெட்ஃபோனில் அருமையாகக் கேட்கும். அதே வீடியோவை மாப்பிள்ளை வீட்டில் ஃபோன் ஸ்பீக்கரில் போட்டால் குரல் காற்றில் கரைந்தது போல மங்கிவிடும், சில சமயம் சுத்தமாகக் கேட்காது. மிக்ஸரின் பேலன்ஸ்டு அவுட்டை கேமராவின் ஸ்டீரியோ மைக் துளையில் நேராகச் செருகினால் இது நடக்கும். ஒரே ஒலி ஒரு காதுக்கு நேராகவும் மறு காதுக்குத் தலைகீழாகவும் போகிறது. ஒற்றை ஸ்பீக்கரில் இரண்டும் கூடும்போது ஒன்றையொன்று அடித்துவிடுகிறது. அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: இடது தடத்தில் மேடு இருக்கும் இடத்தில் வலது தடத்தில் பள்ளம் இருந்தால் அதுதான். ஒரு தடத்தை நீக்கிவிட்டு மற்றதை மட்டும் மோனோவாக வைத்துக்கொள்ளுங்கள். எந்த வேலையையும் ஒப்படைக்கும் முன் ஒருமுறை ஃபோன் ஸ்பீக்கரில் கேட்பது நல்லது.

கரண்ட் போன வேவ் கோப்பு

மண்டபத்தில் கரண்ட் போனது, ஜெனரேட்டர் வருவதற்குள் மிக்ஸர் அணைந்துவிட்டது. பென்டிரைவில் 460 எம்பிக்கு ஒரு வேவ் கிடக்கிறது, ஆனால் நேரம் சுழியம் என்று காட்டுகிறது. எடிட்டிங் மென்பொருள் அதைத் தொடவே மாட்டேன் என்கிறது. பயப்பட வேண்டாம், பெரும்பாலும் ஒலி பத்திரமாக உள்ளேயே இருக்கும். வேவ் கோப்பின் தலைப்பில், ‘எனக்குப் பின்னால் இத்தனை பைட் ஒலி இருக்கிறது’ என்று ஒரு எண் எழுத வேண்டும். ரெக்கார்டர் அதைக் கடைசியில், ஸ்டாப் அழுத்தும்போதுதான் எழுதும். ஸ்டாப் அழுத்தும் முன் கரண்ட் போய்விட்டது, அவ்வளவுதான்.

முதலில் பென்டிரைவில் புதிதாக எதையும் எழுதாமல் கோப்பை நகல் எடுங்கள். ஆடாசிட்டியில் ஃபைல், இம்போர்ட், ரா டேட்டா. வரும் பெட்டியில் என்கோடிங் சைன்ட் 16-பிட் பிசிஎம், பைட் ஆர்டர் லிட்டில் எண்டியன், சேனல் 2, ஸ்டார்ட் ஆஃப்செட் 44, அமவுண்ட் 100, சாம்பிள் ரேட் 48000. 44 என்பது சாதாரண வேவ் தலைப்பின் நீளம்.

திறந்ததும் காதால் முடிவு செய்யுங்கள். ஒலி சரியாக இருந்து வேகம் மட்டும் தப்பு என்றால் சாம்பிள் ரேட்டை 44100 ஆக்கிப் பாருங்கள். இரண்டு மடங்கு வேகம், சுருதி ஒரு ஸ்தாயி மேலே என்றால் அது ஒற்றைத் தடம்; சேனலை 1 ஆக்குங்கள். மழை கொட்டுவது போல வெறும் இரைச்சல் என்றால் பதிவு 24 பிட்டில் இருக்கலாம், அல்லது ஆஃப்செட் ஒரு பைட் தள்ளி இருக்கலாம். 24-பிட் கொடுத்தும் 44க்குப் பதில் 45 கொடுத்தும் பாருங்கள். தொடக்கத்தில் மட்டும் ஒரு சின்ன ‘டக்’ என்றால் தலைப்பு கொஞ்சம் நீளமானது. அந்த இடத்தை வெட்டி எறியுங்கள். நீளம் சரியா என்று கணக்குப் போடவும் வழி உண்டு: 48,000, 16 பிட், ஸ்டீரியோ என்றால் நிமிடத்துக்கு 11.52 எம்பி. 460 எம்பிக்கு 40 நிமிடம் வர வேண்டும்.

எம்பி3யில் பதிவாகியிருந்தால் கரண்ட் போனாலும் அதுவரை உள்ளது பெரும்பாலும் அப்படியே பாடும், ஏனென்றால் அது துண்டு துண்டாகத் தனித்து நிற்கும் கட்டமைப்பு. எம்4ஏதான் மோசம். எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை அது பெரும்பாலும் கடைசியில் எழுதுவதால், பாதியில் நின்றால் எதுவும் திறக்காது. அன்ட்ரங்க் என்ற இலவசக் கருவி இருக்கிறது. அதே ஃபோனில், அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றையும் கொடுத்தால் அதை மாதிரியாக வைத்து உடைந்ததை ஒட்டப் பார்க்கும். எல்லா நேரமும் பலிக்காது. கோப்பின் அளவே சுழியம் என்றால் ஃபோட்டோரெக் மாதிரி மீட்பு மென்பொருளைத்தான் ஓட்ட வேண்டும்.

விடிய விடியக் கூத்து

பழைய வடஆற்காட்டில் தெருக்கூத்து என்றால் இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடிகாலை வரை. சாதாரண வேவ் கோப்பின் தலைப்பில் அளவு எழுதும் இடம் 32 பிட். அதில் 4 ஜிபிக்கு மேல் எழுத முடியாது. 48,000, 16 பிட், ஸ்டீரியோவில் 6 மணி நேரம் 12 நிமிடத்தில் அந்த எல்லை வந்துவிடும். 24 பிட்டில் வைத்தால் 4 மணி நேரம் 8 நிமிடம். பத்து மணிக்கு அழுத்திய ரெக்கார்டிங் 24 பிட்டில் இரவு இரண்டே கால் தாண்டாது. சுவை கூடும் விடியற்காலைக் கட்டம் அதற்குப் பிறகுதான் வரும். பென்டிரைவ் எஃப்ஏடி32 என்ற பழைய முறையில் ஃபார்மட் ஆகியிருந்தாலும் இதே 4 ஜிபிதான் எல்லை.

தனி ரெக்கார்டர்கள் பெரும்பாலும் 2 ஜிபியிலோ 4 ஜிபியிலோ கோப்பைத் தானே துண்டாக்கி அடுத்த எண்ணில் தொடரும். அந்தத் துண்டுகளை வரிசை எண் மாறாமல் டைம்லைனில் இடைவெளி விடாமல் ஒட்டிவைத்தால் போதும். ஓவர்லாப் வைத்தால் மிருதங்கம் இரட்டையாகக் கேட்கும். துண்டாக்காத கருவி என்றால் கட்டியங்காரன் பேசிக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி மறுபடி அழுத்துங்கள். இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று எம்பி3 128க்கு இறங்க வேண்டாம். முகவீணையின் கூர்மையும் ஜால்ராவின் சிலுசிலுப்பும்தான் முதலில் போகும். அம்மன் திருவிழாவில் பம்பை, உடுக்கை எடுக்கும்போதும் அப்படித்தான்.

எல்லாம் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால்

கோப்பு இன்னும் பென்டிரைவிலோ ஃபோனிலோ இருக்கிறதா என்று பாருங்கள். அங்கிருந்து நேராக இழுத்துப் போட்டதை, கேபிளைக் கழற்றியதும் மென்பொருள் தொலைத்துவிடும். தமிழ் எழுத்திலோ எமோஜியோடோ பெயர் வைத்த கோப்பு பழைய மென்பொருள்களில் ஏறாமல் அடம்பிடிப்பதுண்டு. டிஸ்க்கில் ஒரு சின்ன ஃபோல்டர் போட்டு, ஆங்கில எழுத்தும் எண்ணுமாகச் சுருக்கமாகப் பெயர் வையுங்கள். பாதை 260 எழுத்தைத் தாண்டினாலும் விண்டோஸில் சிக்கல் வரும்.

எந்தக் கோப்புமே ஒலிக்கவில்லை என்றால் பழி கோப்பின்மேல் இல்லை. முந்தைய நாள் ப்ளூடூத் ஹெட்செட் போட்டு வேலை செய்திருப்பீர்கள். பிரிஃபரன்சஸில் ஆடியோ ஹார்ட்வேர் பக்கத்தில் அவுட்புட் இன்னும் அதிலேயே நிற்கும்.

பிரீமியரில் கோப்பு ஏறியும் ஊமையாக இருந்தால் வலது கீழ் மூலையைப் பாருங்கள். கன்ஃபார்மிங் (ஒலியைத் தனக்கேற்ற நகலாக எழுதிக்கொள்ளும் வேலை) என்று கோடு ஓடிக்கொண்டிருந்தால் முடியும்வரை காத்திருக்க வேண்டும். மூன்று மணி நேரக் கோப்புக்கு ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். கோடு முடிந்தும் அலைவடிவம் வரவில்லை, அல்லது பழைய பாட்டின் அலைவடிவமே நிற்கிறது என்றால், ப்ராஜெக்ட்டைச் சேமித்து மூடிவிட்டு, பிரிஃபரன்சஸில் மீடியா கேஷ் பக்கத்துக்குப் போய் டிலீட் கொடுங்கள். அது அழிப்பது பிரீமியர் தனக்காக எழுதிவைத்த நகல்களை மட்டும்தான், உங்கள் பாட்டை அல்ல. ப்ராஜெக்ட்டை மறுபடி திறந்ததும் எல்லாவற்றையும் புதிதாகப் படித்து எழுதிக்கொள்ளும். அதன் பிறகும் ஊமையாக இருக்கிற கோப்பை மறுபடி மீடியாஇன்ஃபோவில் போட்டு, முதலில் பார்க்கச் சொன்ன விவரங்களை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.